ஆங்கில ஆராதனையில் நான் சொன்ன ஒரு சொல்



இந்த வாரத் தியானத்தை ஓர் ஒப்புக்கொள்ளுதலோடு தொடங்குகிறேன். ராஜா அண்ணாமலைபுரத்தில் நான் ஊழியம் செய்யும் ஆலயத்தில் ஞாயிறு காலை முதலில் ஆங்கில ஆராதனை, அதன்பின் தமிழ் ஆராதனை. பிரசங்கம் ஒன்றுதான், மொழி மட்டுமே மாறும். மூன்று வாரங்களுக்கு முன் எடுத்துக்கொண்ட பகுதி லூக்கா 17ஆம் அதிகாரம், பத்துக் குஷ்டரோகிகளின் வரலாறு. ஆங்கிலத்தில் பேசும்போது, அந்தப் பத்துப்பேரும் தங்கள் ஊரின் 'பரையா'க்களாக வாழ்ந்தவர்கள் என்று சொன்னேன். தமிழ் ஆராதனையில் அதே இடத்துக்கு வந்தபோது, 'ஒதுக்கப்பட்டவர்கள்' என்று சொல்லிக் கடந்து போனேன். இந்த மாற்றத்தை நான் யோசித்துச் செய்யவில்லை. என் நாவு தானாகவே செய்தது.

அதைக் கவனித்தவர் ஒருவர் இருந்தார். எங்கள் கோயில்பிள்ளையின் மகள், கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிப்பவள். தகப்பனார் விடியற்காலையில் கதவுகளைத் திறக்க வரும்போது கூடவே வந்து, திரையில் பாடல்களைப் போடும் வேலையை இரண்டு ஆராதனைக்கும் அவள் செய்கிறாள். ஆகவே என் பிரசங்கத்தை இருமுறை கேட்கும் பாக்கியமோ தண்டனையோ அவளுக்கு வாரந்தோறும் உண்டு. சபையார் கலைந்தபின் தாழ்வாரத்தில் வந்து நின்றாள்.

"ஐயா, ஒரு சந்தேகம். கேக்கலாமா?"

"கேளும்மா."

"ஃபர்ஸ்ட் சர்வீஸ்ல சொன்ன அந்த வார்த்தைய செகண்ட் சர்வீஸ்ல ஏன் ஐயா சொல்லல?"

எந்த வார்த்தை என்று கேட்டேன். சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. பாடத்தில் ஐயம் கேட்கும் மாணவியின் குரலில்தான் சொன்னாள். எனக்கோ பதில் வரவில்லை. இறையியல் கல்லூரியில் கிரேக்கமும் எபிரெயமும் படித்தவன். சொற்களின் வேரைத் தோண்டிக் காட்டுவதையே பிரசங்கத்தின் அலங்காரமாக வைத்திருப்பவன். இந்த ஒரு சொல்லின் வேர் என் காலடியிலேயே இருந்தும் நான் குனிந்து பார்த்ததில்லை. அவர்கள் எந்தச் சமூகத்தார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காமலே எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது என்பதுதான் நம் திருச்சபைகளின் வெட்கம்.

அன்று மாலை அகராதிகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆங்கிலத்தில் இச்சொல் 1613ஆம் ஆண்டிலேயே பதிவாகியிருக்கிறது. அதற்கும் முன்னே, ஏறத்தாழ 1516இல், போர்த்துகீசியரான துவார்த்தே பர்போசா தென்னிந்தியாவைப் பற்றி எழுதியபோது இப்பெயரைக் குறித்துவைத்தார். அப்பொழுது அது ஒரு சாதியின் பெயர் மட்டுமே. சமுதாயத்தால் தள்ளப்பட்ட எவருக்கும் உரிய பொதுச்சொல்லாக ஆங்கிலத்தில் அது விரிந்தது 1819ஆம் ஆண்டளவில். ஒரு மக்கள் கூட்டத்தின் பெயரை எடுத்து, 'யாரும் தொடக்கூடாதவன்' என்ற பொருளில் உலகம் முழுவதற்கும் பொதுவாக்க, மூன்று நூற்றாண்டுகள் ஆகியிருக்கின்றன.

பறை என்னும் இசைக்கருவியிலிருந்து பறையர் என்னும் பெயர் வந்தது என்பது கால்டுவெல் காலம்தொட்டுச் சொல்லப்படும் விளக்கம். கருவியை அடிப்பவர் எல்லாரும் அச்சமூகத்தார் அல்லர், அச்சமூகத்தார் எல்லாரும் கருவியை அடிப்பவர் அல்லர் என்று அதை மறுப்போரும் உண்டு. ஆனால் 'பறை' என்பதற்குத் தமிழில் இன்னொரு பொருள் இருக்கிறது: சொல்லுதல், அறிவித்தல். மலையாளத்தில் இன்றும் 'பறயுக' என்றால் பேசுவதுதான். நாமும் அதை விட்டுவிடவில்லை. மிஷனரி ஞாயிறு வந்தால், நற்செய்தியைப் பறைசாற்றுங்கள் என்று நான் எத்தனை முறை மேடையில் முழங்கியிருக்கிறேன்! என் வேலையின் பெயரே அந்த வேரில் இருக்கிறது. புறநானூற்றின் 335ஆம் பாடலில் இப்பெயர் சிறந்த குடிகள் சிலவற்றுள் ஒன்றாக வருகிறது. அங்கே இகழ்ச்சியின் நிழல்கூட இல்லை. இகழ்ச்சி பின்னால் வந்தது. வைத்தவர்கள் வெள்ளையர்கள் அல்லர்.

இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் இச்சொல்லின் வரலாற்றைப் பேசும்போது, 'எல்லாம் ஆங்கிலேயன் செய்த வேலை' என்று தப்பித்துக்கொள்ள நமக்கு ஒரு வாசல் திறக்கிறது. அவன் நம் தெருவில் கேட்டதைத்தான் எழுதிக்கொண்டான். ஊரைச் சுற்றும் நாய்க்கும், வானத்தில் வட்டமிடும் பருந்துக்கும் அதே பெயரை ஆங்கிலத்தில் சூட்டினான். அடையாற்று முகத்துவாரத்தின் மேல் இன்றும் மாலையில் பறக்கிறதே, அந்தப் பருந்துக்குத்தான். ஆனால் 'நாய்' என்னும் சொல்லுக்கு முன்னால் அந்தப் பெயரை வைத்து வையும் வழக்கம் நம் வாயிலேயே இருந்தது. 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' என்னும் ஆங்கிலோ-இந்திய அகராதி, ஐரோப்பியர் இச்சொல்லைச் சாதியற்றவர், விலக்கப்பட்டவர் என்ற பொருளில் வழங்குவது தவறு என்றே சுட்டிக்காட்டியது. அந்த எச்சரிக்கையை யாரும் பொருட்படுத்தவில்லை.

ஐரோப்பாவில் அதன் பயணம் வேறுவிதம். அங்கே இச்சொல் பரிதாபத்துக்குரிய பெருமையைப் பெற்றது. பிரெஞ்சு எழுத்தாளர் பெர்னார்தென் தெ சான்-பியேர் 1791இல் 'இந்தியக் குடிசை' என்ற கதையை எழுதினார். உண்மையைத் தேடி அலையும் ஆங்கிலேய அறிஞர் ஒருவர், பூரியின் பெரிய பண்டிதரிடம் பெறாத ஞானத்தை, புயலுக்கு ஒதுங்கிய ஒரு தீண்டப்படாதவரின் குடிசையில் பெறுகிறார். 1821இல் காசிமிர் தெலவீன் இப்பெயரில் ஒரு சோக நாடகம் எழுதினார். ஜெர்மானிய மகாகவி கெதேயும் இப்பெயரில் பாடினார். 1838இல் ஃப்ளோரா திரிஸ்தான் என்ற பெண்மணி, பெரு நாட்டுக்குத் தாம் போய்வந்த கதையை எழுதியபோது, தம்மையே அப்பெயரால் அழைத்துக்கொண்டார். பின்னர் மாக்ஸ் வேபர் யூத மக்களை விளக்க இச்சொல்லைக் கையாண்டார். நாசிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா சென்ற ஹன்னா ஆரென்ட், 1944இல் யூதரைப் பற்றிய தம் கட்டுரையின் தலைப்பிலேயே அதை வைத்தார். இவர்கள் எவரும் இழிவுபடுத்த எண்ணியவர்கள் அல்லர். ஆனாலும் கவனியுங்கள்: பாரிஸிலும் நியூயார்க்கிலும் பலரும் தங்கள் துயரத்துக்கு இப்பெயரைப் போர்த்திக்கொண்ட அந்தக் காலம் முழுவதும், அப்பெயரை உடையவர்கள் செங்கல்பட்டில் நிலமின்றி, கிணற்றில் நீர் எடுக்க உரிமையின்றி இருந்தார்கள். 1891இல் அம்மாவட்டத்தின் ஆட்சியர் திரமென்ஹீர் அவர்களுடைய நிலையைப் பற்றி அரசுக்கு எழுதிய அறிக்கையின் தலைப்பிலும் இதே சொல்தான். அதன் பயனாக 1892இல் பஞ்சமி நிலம் என்று நாம் இன்று சொல்லும் நிலங்கள் ஒதுக்கப்பட்டன. நன்மை செய்த தாளிலும் அந்தச் சொல் இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

சரி, பெயரை உடையவர்கள் என்ன சொன்னார்கள்? இதுதான் எனக்கு மிகவும் பாடமான பகுதி. 1893இல் சென்னையில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு பத்திரிகை தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் 'பறையன்'. எந்தப் பெயரைச் சொல்லி இகழ்கிறார்களோ, அதையே தலைநிமிர்ந்து சொல்லிக்கொண்டு வெளியே வராவிட்டால் உரிமை கேட்க முடியாது என்பது அவருடைய எண்ணம். அவருடைய உறவினரும் அறிஞருமான அயோத்திதாசப் பண்டிதர் நேர் எதிராக நினைத்தார். அந்தப் பெயர் பிறர் நம்மீது சுமத்தியது, நாம் பூர்வத் தமிழர், பூர்வ பௌத்தர் என்றார். 1907இல் ராயப்பேட்டையிலிருந்து அவர் நடத்திய வார இதழுக்கு 'ஒரு பைசாத் தமிழன்' என்று பெயர். ஒருவர் பெயரை ஏற்று வென்றெடுக்க முயன்றார், மற்றவர் பெயரையே உதறினார். யார் சரி? அதைத் தீர்மானிக்கும் உரிமை எனக்கு இல்லை. இருவரும் தங்களுக்குரிய ஒன்றைப் பற்றிப் பேசினார்கள். நான் எனக்குரியதல்லாத ஒன்றை எடுத்துப் பிரசங்கத்துக்கு அழகு சேர்த்தேன், வேறுபாடு அதுதான். 1922இல் பரங்கிமலையில் பிறந்த எம். சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தின்படி, அரசு ஆவணங்களில் அப்பெயருக்குப் பதிலாக 'ஆதிதிராவிடர்' என்பது வந்தது. அரசாங்கம் நூறாண்டுகளுக்கு முன்பே திருத்திக்கொண்டதை நான் இன்னும் திருத்தவில்லை.

கடல் கடந்து போன நம் மக்களையும் இது விடவில்லை. மலேசியாவில் 'இன்டர்லோக்' என்ற மலாய் நாவல் பள்ளிப் பாடமானபோது, அதில் இந்தியர்களைக் குறிக்க இச்சொல் வந்ததற்குத் தமிழர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 2011இல் அது பாடத்திலிருந்து விலக்கப்பட்டது. இங்கே நாமோ காலை நாளிதழில் ஏதோ ஒரு நாட்டை இச்சொல்லால் குறிக்கும் ஆங்கிலத் தலைப்பைப் படித்துவிட்டு, காப்பியை முடித்து எழுந்திருக்கிறோம்.

பிரியமானவர்களே, திருச்சபைக்கு வருகிறேன். வராமல் இருக்க முடியாது.

தரங்கம்பாடி மிஷனில் இராஜநாயக்கன் என்றொரு உபதேசியார் இருந்தார். தஞ்சை மன்னரின் படையில் பணிபுரிந்தவர், பறையர் சமூகத்தவர். தஞ்சைப் பகுதியில் சுவிசேஷம் பரவ அவர் பட்ட பாடுகளை அந்த மிஷனின் வரலாற்றைப் படித்தவர்கள் அறிவார்கள். 1733இல் ஆரோன் என்னும் வேளாளர் இந்தியப் புராட்டஸ்டன்ட் திருச்சபையின் முதல் குருவாக அபிஷேகம் பெற்றார். 1741இல் அடுத்தவரைத் தெரிந்தெடுக்கவேண்டி வந்தது. இராஜநாயக்கனின் பெயர் பேசப்பட்டது. ஆனால் அவர் கையிலிருந்து திருவிருந்தை மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் வாங்கமாட்டார்கள் என்று அஞ்சி, தியோகு என்பவரைத் தெரிந்தெடுத்தார்கள். இராஜநாயக்கன் 1771இல் மரிக்கும்வரை உபதேசியாராகவே இருந்தார். அப்பத்தைப் பிட்டுக் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் என் கைகளை நான் பார்க்கிறேன். அந்தக் கைகளில் இல்லாத எந்தத் தகுதி என் கைகளில் இருக்கிறது?

1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு இனி எவ்வகையிலும் கூடாது, எல்லாரும் கலந்து உட்கார்ந்து ஒரே பந்தியில் சேரவேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சையிலும் நம் சென்னை வேப்பேரியிலும் பெருந்தொகையானோர் சபையை விட்டு வெளியேறினார்கள். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, 1829இல், இளம் மிஷனரிகள் இதைத் தொடங்கியபோது எதிர்த்து எழுதியவர் யார் தெரியுமா? நாம் இன்றும் உருகிப் பாடும் கீர்த்தனைகளை இயற்றிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். அவருடைய பாடல்களை நான் தொடர்ந்து பாடுவேன்; இதையும் தொடர்ந்து சொல்வேன். கத்தோலிக்க சகோதரரின் வடக்கன்குளம் ஆலயத்தில் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. இவற்றையெல்லாம் பழங்கதை என்று தள்ள எனக்கு மனமில்லை. ஏனென்றால் எனக்கு ஒரு டம்ளர் நினைவிருக்கிறது. சிறுவயதில் விடுமுறைக்குப் போகும் பாட்டியின் வீட்டில், கொல்லைப்புறச் சுவரின் மாடத்தில், ஒரு அலுமினிய டம்ளர் தனியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். வயல் வேலைக்கு வரும் பெரியவருக்கு அதில்தான் மோர். பாட்டி ஜெபிக்காமல் ஒருநாளும் உறங்கியதில்லை. மோர் ஊற்றும்போது டம்ளரில் சொம்பு படாமல் உயரத்தூக்கி ஊற்றவும் அவர் மறந்ததில்லை. சில நாட்கள் அந்த வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறார். நானும் அப்படித்தான் ஊற்றினேன்.

நான் பிரசங்கித்த பகுதியிலேயே ஒரு சொல் இருந்தது, அதை விட்டுவிட்டேன். சுகமடைந்த பத்துப்பேரில் திரும்பி வந்தவன் ஒரு சமாரியன். அவனை இயேசு 'அந்நியன்' என்று குறிப்பிட்டதாக லூக்கா 17:18இல் வாசிக்கிறோம். கிரேக்கத்தில் அது 'அல்லோகெனேஸ்', வேறு குலத்தான். புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் இச்சொல் இல்லை. ஆனால் வேறோர் இடத்தில் இருக்கிறது: எருசலேம் தேவாலயத்தின் உட்பிராகாரத் தடுப்பில் பதித்திருந்த எச்சரிக்கைக் கல்லில். எந்த அந்நியனும் இதைத் தாண்டி உள்ளே வரக்கூடாது, வந்தால் தன் சாவுக்குத் தானே பொறுப்பு என்ற பொருளில் எழுதிய அந்தக் கல் 1871இல் கண்டெடுக்கப்பட்டது. சுவரில் எழுதப்பட்டிருந்த அதே சொல்! அப்படியானால் ஆண்டவரும் ஒரு விலக்கும் சொல்லைச் சொன்னாரே, நான் சொன்னதில் என்ன பிழை என்று ஒரு கணம் என் மனம் எனக்காக வழக்காடியது. மீண்டும் வாசித்தேன். அந்தச் சொல்லை அவர் சொன்னபோது, அதற்குரிய மனிதன் அவர் பாதத்தருகே விழுந்து கிடந்தான். அவனைப் பார்த்து, அவனை மேன்மைப்படுத்தியே சொன்னார். வெட்கப்படவேண்டியவர்கள் வராத ஒன்பதுபேர். நானோ, அந்தச் சொல்லுக்கு வேராகிய மக்களில் ஒருத்தி எதிரில் அமர்ந்து பாடல்வரிகளைத் திரையில் மாற்றிக்கொண்டிருக்கிறாள் என்ற நினைவே இல்லாமல், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய யாரோ சிலருக்கு உவமையாக அதை வீசினேன்.

மறு ஞாயிறு ஆங்கில ஆராதனையில், பிரசங்கத்துக்கு முன் இதைச் சொன்னேன். அந்தச் சொல்லை இனி இந்தப் பீடத்திலிருந்து நான் பயன்படுத்தமாட்டேன், பயன்படுத்தியதற்காக வருந்துகிறேன் என்றேன். ஆராதனை முடிந்ததும், ஓய்வுபெற்ற அதிகாரியான ஒரு மூப்பர் என்னைத் தனியே அழைத்தார். நல்ல மனிதர். "சொற்கள் மாறும் ஐயா. 'வாண்டல்' என்பதும் ஒரு இனத்தின் பெயர்தான். அதைச் சொல்லும்போது யார் புண்படுகிறார்கள்?" என்றார். நியாயமான கேள்வி. வாண்டல்கள் இன்று யாரும் இல்லை. அப்பெயரைச் சொல்லி எவரையும் கிணற்றடியிலிருந்து விரட்டுவதில்லை, எந்த மணமகனையும் வெட்டுவதில்லை. இங்கே இதே பெயரைத் தமிழில் ஒருவர் முகத்துக்கு நேரே இழிவாகச் சொன்னால், 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி அது குற்றம். நம் ஆலயத்திலிருந்து சிறிது தூரத்தில், கிரீன்வேஸ் சாலையில் அம்பேத்கர் மணிமண்டபம் இருக்கிறது; அதைக் கடந்துதான் நம்மில் பலர் ஆராதனைக்கு வருகிறோம். இதையெல்லாம் சொன்னேன். அவர் முழுவதும் ஒப்புக்கொள்ளவில்லை. யோசிக்கிறேன் என்றார். அவருக்காக ஜெபிக்கிறேன், அவரும் எனக்காக ஜெபிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

மகளிடம் பதில் சொல்லிவிட்டேன். தலையசைத்துக் கேட்டுக்கொண்டு, "தேங்க்ஸ் ஐயா" என்று மட்டும் சொன்னாள். தகப்பனாரிடம்தான் எப்படிப் பேசுவது என்று தெரியாமல் இருந்தேன். என்னைவிட மூத்தவர். சென்ற புதன்கிழமை மாலை ஜெபக்கூட்டம் முடிந்து, அவர் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டு வந்தபோது, அருகில் போய் நின்றேன்.

"அண்ணே, அன்னைக்கு நான் சொன்ன அந்த வார்த்தை... நீங்களும் கேட்டீங்களா?"

"கேட்டேன் ஐயா." கொக்கியை மாட்டிவிட்டு அடுத்த ஜன்னலுக்கு நகர்ந்தார். "இருபது வருஷமா கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். உங்களுக்கு முன்னாடி இருந்த ஐயாமாரும் சொல்லுவாங்க. இங்கிலீஷ்லதானே சொல்றாங்கன்னு விட்டுடுவேன். பாப்பாவையும் கேக்காதேன்னுதான் சொன்னேன். அவ கேட்டுட்டா."

மீதமிருந்த இரண்டு ஜன்னல்களை நான் சாத்தினேன். அவர் விளக்குகளை அணைத்தார்.